டாட்டா அக்காவின் பெட்டிகள்

அந்தப் பெரிய ஓட்டலின் அடித்தளத்தில், சலவைப் பிரிவில், அவளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை பிரிவுபசார விழா நடக்கும். அவள் பிறந்தநாளை மறந்தாலும் மறப்பார்கள், இதை மறக்க மாட்டார்கள். கேக் வெட்டுவார்கள், பேசுவார்கள், கட்டிப்பிடித்து அழுவார்கள், புதுப் பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்து, வாசல் வரை வந்து கையசைத்து அனுப்பிவைப்பார்கள். அடுத்த திங்கட்கிழமை காலையில் அவள் எதுவும் நடக்காத மாதிரி உள்ளே நுழைந்து, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, உருளை இஸ்திரி மெஷினுக்கு முன்னால் நிற்பாள். அதனால் அவளுக்கு டாட்டா அக்கா என்று பெயர் வந்தது. வைத்தவர் பாய்லர்காரர்.

முதல் வருஷம் நடந்தது நிஜமான பிரிவுபசாரம்தான். அவள் அந்த வெளிநாட்டுக்கு வந்தது ஒரு வருஷ வேலை பெர்மிட்டில். கணவர், கைக்குழந்தை, அவள் ஆக மூன்று பேரும், "ஒரே ஒரு வருஷம், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு விமானம் ஏறியவர்கள். சொன்னபடியே ஓடிவிட்டது. நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று நிர்வாகம் கடைசி நாள் வரை வாயைத் திறக்கவில்லை. சரி, கிளம்ப வேண்டியதுதான் என்று ஆனபோது சலவைப் பிரிவு மொத்தமும் கூடி விழா எடுத்தது. பாய்லர்காரர் நம்ம பக்கத்து ஆள். மீசையைத் தடவிக்கொண்டு கம்பீரமாகப் பேச ஆரம்பித்தவர் பாதியில் விக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிழியும் மெஷின்காரி எந்த நாட்டுக்காரி என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அக்கா, டாட்டா, சாப்டியா என்ற மூன்று வார்த்தைகளைக் கற்றுக்கொண்டு அவற்றை வைத்தே இவளோடு காலம் தள்ளினாள். அன்றைக்கு அவள் மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லி ஓவென்று அழுதாள். எல்லோரும் சேர்ந்து ஒரு சிவப்புச் சக்கரப் பெட்டி வாங்கிக் கொடுத்தார்கள். ஊருக்குப் போகிறவளுக்கு வேறு என்னதான் கொடுப்பது?

வீட்டுக்கு வந்து பெட்டியைக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். போன் அடித்தது. நீட்டிப்பு வந்துவிட்டது, திங்கட்கிழமை வேலைக்கு வரவும் என்றார்கள்.

திங்கட்கிழமை அவள் எப்படி உள்ளே போனாள் என்பது அவளுக்கும் அந்தப் படிக்கட்டுக்கும்தான் தெரியும். பெட்டியையும் இழுத்துக்கொண்டு, அசடு வழிய நின்றாள்.

"என்னம்மா, போன வேகத்துல திரும்பிட்டே? பிளேன்ல இடம் இல்லையா?" என்றார் பாய்லர்காரர்.

"நீட்டிச்சுட்டாங்கண்ணே. இந்தப் பெட்டியை வாங்கிக்கோங்க. கூச்சமா இருக்கு."

"கொடுத்ததைத் திருப்பி வாங்குற பழக்கம் எங்க பரம்பரையிலேயே கிடையாது. வெச்சுக்கோ, அடுத்த வருஷம் ஆகும்."

அடுத்த வருஷமும் அதே கதை. நிர்வாகம் அதே மௌனம், இவர்கள் அதே கண்ணீர், பெட்டி மட்டும் நீலம். மூன்றாவது வருஷம் துணி மடிக்கும் மேசைக்காரர் ஒருவருக்கும் பெர்மிட் முடிந்தது. அவர் கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவர். "எனக்கு எதுக்குய்யா இந்தக் கூத்தெல்லாம்? என் பெர்மிட் வராம யார் பெர்மிட் வரும்?" என்று கேக்கைக்கூடத் தொடாமல் போனார். அந்த வாரமே அவரை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். டாட்டா அக்காவுக்கோ, ஒழுங்காக அழுது விடைபெற்றவளுக்கு, சுடச்சுட நீட்டிப்பு வந்தது.

இதைப் பார்த்த பிறகு பாய்லர்காரர் சும்மா இருப்பாரா? சலவைப் பிரிவில் சட்டம் போட்டுவிட்டார். யாருக்குப் பெர்மிட் முடிந்தாலும் முறைப்படி வழியனுப்ப வேண்டும், அப்போதுதான் நீட்டிப்பு வரும். பெட்டி கட்டாயம். கண்ணீர் அதைவிடக் கட்டாயம். ஒரு வருஷம் அவளுக்கு எவ்வளவு முயன்றும் கண் கலங்கவில்லை, நீட்டிப்பும் இழுத்தடித்தது. அதற்கடுத்த வருஷம் பேச்சின் நடுவில் பிழியும் மெஷின்காரி அவள் இடுப்பில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள். கண்ணீர் வந்தது, பெர்மிட்டும் வந்தது. இதற்குப் பிறகும் நம்பாமல் இருக்க முடியுமா? படித்தவர்கள் பலர் இதைவிடக் குறைந்த ஆதாரத்தில் எதை எதையோ நம்புகிறார்கள்.

விழாவுக்கென்று ஒரு துணிப் பதாகைகூட உண்டு. ஓட்டல் கழித்துப்போட்ட மேசை விரிப்பு அது. அதன் ஓரத்தில் எந்த மருந்துக்கும் போகாத கறை ஒன்று இருந்தது, அதன்மேல் பூவைத் தைத்து மறைத்திருந்தார்கள். நடுவில் 'சென்று வருக' என்று அந்த நாட்டு மொழியில் துணி எழுத்துகள். மேலே எழும்பி நிற்கும் அந்த எழுத்துகளைச் சுருக்கமில்லாமல் தேய்க்க அவளை விட்டால் ஆள் இல்லை. ஆகவே வருஷா வருஷம் தன்னை வழியனுப்பும் பதாகையைத் தானே தேய்த்துக் கொடுத்துவிட்டு, அதற்கு முன்னால் போய் நின்று அழுவாள்.

வீட்டில் பெட்டிகள் பெருகின. இரண்டே அறை. தொலைக்காட்சி சிவப்புப் பெட்டியின்மேல். கணவர் வேலையிலிருந்து வந்து காலை நீட்டிக்கொள்வது நீலப் பெட்டியின்மேல். மகள் இரண்டு பெரிய பெட்டிகளை அடுக்கி, அதில்தான் எழுதக் கற்றுக்கொண்டு, அதிலேயே பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புவரை வந்துவிட்டாள். "எல்லார் வீட்டுலயும் மேசைக்குக் கால் இருக்கும், எங்க வீட்டுல சக்கரம் இருக்கு" என்று சிநேகிதிகளிடம் சொல்வாளாம். ஒரு தடவை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள் மும்முரத்தில் மேசையோடு சமையலறைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"ஒரு நல்ல மேசை வாங்கலாமே" என்பார் கணவர். அவர் பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிறவர். எதையும் ஊறவைத்துத்தான் செய்வார்.

"அடுத்த வருஷம் போகப்போறோம், மேசையைத் தலையில தூக்கிட்டுப் போவீங்களா?" என்பாள் அவள்.

"அதுவும் சரிதான். எப்போ கிளம்புறோம்?"

"அடுத்த வருஷம்."

ஊரில் இருக்கும் நாத்தனாரிடமும் இதே பேச்சுதான். அந்த வீட்டில் இவர்களுக்கென்று மாடியில் ஓர் அறை உண்டு. நாத்தனார் ஒவ்வொரு வாரமும் போனில் கேட்பார். "எப்போ வர்றே? அறையைப் பெருக்கித் துடைச்சு வெக்கணுமே."

"அடுத்த வருஷம் நிச்சயம் அண்ணி. அறையைப் பூட்டியே வெக்காதீங்க, காத்தாட விடுங்க."

"விடுறேன், விடுறேன். தினமும் விடுறேன்."

போனை வைத்ததும் அவளுக்கு மனசு லேசாகும். போகப்போகிறோம் என்று சொல்லிவிட்டதால், போக வேண்டியதில்லை என்பது மாதிரி ஒரு நிம்மதி. ஏன் அந்த நிம்மதி என்று அவள் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. காலையில் உருளையிலிருந்து வெளியே வரும் முதல் விரிப்பின் சூட்டைக் கன்னத்தில் ஒரு நொடி ஒற்றிக்கொள்வதும், தன் வீட்டுச் சாவி தன் பையில் கிடப்பதும், எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று ஒருவரும் கேட்காத தெருவில் கையை வீசிக்கொண்டு நடப்பதும் அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை யாரிடமும் சொன்னதும் இல்லை. ஊரை விட்டு வந்தவள் ஏங்க வேண்டும், அதுதானே முறை. அவளும் முறைப்படி ஏங்கினாள்.

இந்த வருஷம் கதை மாறியது. இனிமேல் வருஷா வருஷம் நீட்டிப்பது கிடையாது என்று சட்டம் வந்தது. இத்தனை காலம் இருந்தவர்கள் நிரந்தர பெர்மிட்டுக்கு எழுதிப்போடலாம், கிடைத்தால் இருக்கலாம். கிடைக்காவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான், இந்தத் தடவை நிஜமாகவே. எழுதிப்போட்டாள். ஓர் அதிகாரி வேலையிடத்தையும் வீட்டையும் வந்து பார்ப்பார், இந்த நாட்டிலேயே வேரூன்றி இருக்கிற குடும்பம்தானா என்று தீர்மானிப்பார் என்று பதில் வந்தது. வீட்டுக்கு அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார்கள்.  மகள் இன்னும் சில மாதத்தில் பள்ளிப் படிப்பை முடிக்கிறாள். அவளுக்குத் தெரிந்த ஊர் இது ஒன்றுதான்.

"அண்ணே, இந்த வருஷம் விழா வேண்டாமே" என்று பாய்லர்காரரிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

அவர் கையிலிருந்த ஸ்பானர் நழுவியது. "என்ன பேச்சு பேசறே? ஒரு வருஷ பெர்மிட்டுக்கே ஒரு கேக் வெட்டுறோம். நிரந்தரத்துக்கு எவ்வளவு பெரிசா செய்யணும்! அந்த மடிக்கிற மேசைக்காரரை மறந்துட்டியா?"

அவள் மறக்கவில்லை. யார்தான் மறந்தார்கள்? விழாவை முன்னைவிடத் தடபுடலாக ஏற்பாடு செய்தார்கள். மூன்று அடுக்குக் கேக் வந்தது. பெட்டியும் மூன்றாக, ஒன்றுக்குள் ஒன்று போகிற செட். அன்று காலை கிளம்பும்போது கணவரிடம் சொன்னாள். "அதிகாரி அடுத்த வாரம் வர்றாங்க. இவ்வளவு பெட்டியைப் பார்த்தா என்ன நினைப்பாங்க? சாயங்காலத்துக்குள்ள ஒரு பெட்டி இல்லாம எங்கயாவது கொண்டுபோய்ப் போட்டுடுங்க."

"டிப்போவுல பழைய டயர் போடுற அறை இருக்கு. எல்லாத்தையும் அங்க தள்ளிடுறேன். நீ நிம்மதியா போய் அழுதுட்டு வா" என்றார் அவர்.

விழா மதியம் ஆரம்பித்தது. பாய்லர் சீறிக்கொண்டிருக்க, மெஷின்கள் எல்லாம் அணைந்திருக்க, ஈரத் துணி வண்டிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு எல்லோரும் கூடினார்கள். பதாகையின் ஒரு முனையைப் பிழியும் மெஷின்காரி பிடித்தாள். மறுமுனைக்கு ஆள் இல்லை. அந்த நேரம் பார்த்து, சர்வீஸ் லிஃப்டிலிருந்து ஈரக் குடையோடு ஓர் அம்மாள் இறங்கி, மூக்கைத் துடைத்துக்கொண்டு இங்கும் அங்கும் பார்த்தார். நல்ல ஜலதோஷம் போல.

"அம்மா, சும்மாதானே நிக்கிறீங்க, இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க. கீழ விட்டுடாதீங்க, அழுக்காயிடும்" என்று அவர் கையில் திணித்தார் பாய்லர்காரர். அந்த அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார், தும்மல் வந்தது. தும்மி முடிப்பதற்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

டாட்டா அக்காவின் பேச்சு அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். "உங்களையெல்லாம் விட்டுட்டு எப்படிப் போவேன்..." என்று ஆரம்பித்தாள். "எந்த ஊருக்குப் போனாலும் இந்த அறையோட சூடு..." என்றதும், "என் கூடவே வரும்!" என்று எல்லோரும் சேர்ந்து முடித்தார்கள். வழக்கமாக இந்த இடத்தில்தான் கிள்ளு விழும். இந்தத் தடவை தேவைப்படவில்லை. அடுத்த வருஷம் இங்கே நிற்பேனா என்ற நினைப்பு வந்ததும், அவள் நிஜமாகவே தேம்பித் தேம்பி அழுதாள். பாய்லர்காரர் உச்சி குளிர்ந்துபோனார். இவ்வளவு கண்ணீருக்கு எந்த பெர்மிட்தான் வராது! கேக்கை வெட்டி, பதாகை பிடித்த புண்ணியத்துக்கு முதல் துண்டை அந்தக் குடைக்கார அம்மாளின் கையிலேயே வைத்தாள் அவள். "சாப்டியா?" என்று பிழியும் மெஷின்காரியும் அன்போடு விசாரித்தாள்.

அந்த அம்மாள் ஒரு கையில் கேக்கை வைத்துக்கொண்டு, மறு கையால் கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பிக் காட்டினார்.

"நிரந்தர பெர்மிட் ஆபீஸ்லேருந்து வர்றேன். வேலையிடத்தைப் பார்க்கலாம்னு வந்தேன்." மூக்கை உறிஞ்சினார். "எந்த பிளேன்ல கிளம்புறீங்க?"

 எல்லோரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

"இவங்க எங்கயும் போகலைங்க!"

"வருஷா வருஷம் போறவங்கதாங்க!"

"போறேன்னு சொல்வாங்க, ஆனா போக மாட்டாங்க. எங்களுக்குத் தெரியும், தெரிஞ்சுதான் அழுவோம்."

"பெட்டி வாங்கிக் கொடுத்தாத்தாங்க அவங்க இருப்பாங்க."

"திங்கட்கிழமை கரெக்டா வந்துடுவாங்க" என்று பாய்லர்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

"எங்க போய்ட்டு?" என்றார் அதிகாரி.

 அதிகாரி கேக்கை ஒரு வாய் கடித்தார், நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும், இன்னொரு வாயும் கடித்தார். "அடுத்த வாரம் வீட்டுக்கு வரலாம்னு இருந்தேன். இப்பவே பார்த்துடலாமே. பக்கம்தானா?"

 டாட்டா அக்கா முன்னால் நடந்தாள். பின்னால் அதிகாரி, அதற்குப் பின்னால் மூன்று பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு பாய்லர்காரர், பதாகையை மடிக்க மறந்து தோளில் போட்டுக்கொண்டு பிழியும் மெஷின்காரி. வழியெல்லாம் அவளுக்கு ஒரே ஓர் ஆறுதல்தான். நல்லவேளை, பெட்டிகளை அப்புறப்படுத்தச் சொன்னோம். வீட்டைப் பார்த்தால் வீடு மாதிரி இருக்கும். பாய்லர்காரர் இழுக்கும் மூன்றைப் பற்றி ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம்.

தெரு முனை திரும்பினார்கள்.

வீட்டு வாசலில் ஒரு முழு பஸ் நின்றது. கணவர் டிப்போ டிரைவரிடம் சொல்லி, கழுவ வந்த பஸ்ஸையே கொண்டுவந்துவிட்டார். பஸ்ஸின் நெற்றியில், யாரும் மாற்றாமல் விட்ட பலகை பளபளத்தது: விமான நிலையம். நடைபாதையில் பெட்டிகள் உயர வரிசையில் நின்றன, கயிறு வேறு கட்டியிருந்தார். மகள் கடைசிப் பெட்டியின்மேல் சோகமாக உட்கார்ந்திருந்தாள், அதாவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்குள் பலகையை நம்பி ஏறிவிட்ட பெரியவர் ஒருவர் மடியில் பையோடு காத்திருந்தார்.

"எல்லாத்தையும் ஏத்தப்போறேன்! ஒண்ணு விடாம!" என்று மனைவியைக் கண்டதும் பெருமையாகக் கத்தினார் கணவர். "வீட்டுல ஒரு பெட்டி இல்ல, துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு, வந்து பாரேன்!"

"எப்பம்மா கிளம்பும்?" என்று பெரியவர் ஜன்னல் வழியாக அவளைக் கேட்டார்.

அவள் நடைபாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முடிந்தது கதை. அதிகாரி பஸ்ஸைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பெட்டி வரிசையைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை, நம்மை வெயிலிலும் மழையிலும் அலைய விடுகிறார்களே என்ற அலுப்புதான்.

"உங்களுக்கும் எனக்கும் நேரம் மிச்சம். போறவங்க போகட்டும்" என்றார். பிறகு பழக்க தோஷத்தில், "தடை செஞ்ச சாமான் ஏதாவது இருக்கா? ஒண்ணைத் திறங்க" என்றார்.

கணவர் கயிற்றை அவிழ்த்துச் சிவப்புப் பெட்டியைத் திறந்தார். உள்ளே கடைக்காரர் திணித்த காகிதம் அப்படியே கசங்கிக் கிடந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"அடுத்தது."

நீலப் பெட்டி. காகிதம்.

"அது?"

காகிதம். அதற்கடுத்ததும் காகிதம். ஒன்றில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. ஒன்றில் மட்டும் நான்கு வெங்காயம் உருண்டன. "காத்தோட்டத்துக்கு வெச்சேன்" என்று முனகினார் கணவர். வரிசை முழுக்கத் திறந்து, வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பாய்லர்காரர் தன் பங்குக்கு மூன்றையும் ஒன்றுக்குள்ளிருந்து ஒன்றாக எடுத்துத் திறந்து காட்டினார்.

அதிகாரி குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, அவள் முன்னால் நின்றார்.

"இது எத்தனை வருஷத்துப் பெட்டிங்க?"

"வந்ததுலேருந்துங்க. வருஷத்துக்கு ஒண்ணு."

"இதுல ஒரு தடவைகூட நீங்க துணி அடுக்கினதே இல்லையா?"

அவள் திறந்து கிடந்த சிவப்புப் பெட்டியைப் பார்த்தாள். முதல் வருஷ விழாவுக்குப் பிறகு அந்தச் சிவப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு நீட்டிப்பு வரும் என்று யாருக்கும் தெரியாது. நிஜமாகவே கிளம்ப வேண்டிய நாள். குழந்தை தூங்கியது, துணியெல்லாம் கொடியில் தொங்கியது, நிறைய நேரம் இருந்தது. அவள் ஒரு கைக்குட்டையைக்கூட எடுத்து வைக்கவில்லை. அப்புறம் அடுக்கலாம், அப்புறம் அடுக்கலாம் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன் அடித்தபோது குதித்து ஓடி எடுத்தாள்.

"இல்லைங்க" என்றாள். "ஒரு தடவைகூட இல்ல. எனக்குப் போக மனசே இல்லைங்க. என்னிக்குமே இருந்ததில்ல. எனக்கு இங்கயே இருக்கணும்."

சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். இத்தனை வருஷம் விழா மேடையில் என்னென்னவோ பேசியவள், இந்த ஒரு வரியைப் பேசியதே இல்லை. கணவர் கையில் வெங்காயத்தோடு அவளையே பார்த்தார்.

"அடிப்பாவி" என்றார். "எனக்கும்தாண்டி. நீ ஏங்குறியேன்னுதான் நான் வருஷா வருஷம் எப்போ கிளம்புறோம், எப்போ கிளம்புறோம்னு கேட்டுட்டு இருந்தேன்."

"நீங்க கேக்கறீங்களேன்னுதான் நான் அடுத்த வருஷம்னு சொன்னேன்!"

"அப்ப நான் இத்தனை வருஷமா சக்கரத்து மேல படிச்சது?" என்றாள் மகள்.  முதலில் சிரித்தது பாய்லர்காரர். அடுத்து பிழியும் மெஷின்காரி, என்ன நடந்தது என்று பாதிகூடப் புரியாமல், எல்லோரையும்விடச் சத்தமாக. நடைபாதையில் திறந்த பெட்டிகளுக்கு நடுவில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். டாட்டா அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, எது எதென்று அவளுக்கே தெரியவில்லை.

அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. மூக்கை அழுத்தித் துடைத்தார். ஜலதோஷமாகவும் இருக்கலாம். "காலிப் பெட்டியோட யாரும் ஊருக்குப் போறதில்ல" என்றார். "அந்தக் கேக் இன்னும் இருக்கா?"

டிரைவர் நல்ல மனுஷன். உள்ளே உட்கார்ந்திருந்த பெரியவரை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் பஸ்ஸைக் கழுவக் கொண்டுபோனார்.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. "வந்துட்டியா?" என்றார் பாய்லர்காரர், வழக்கம்போல. "வந்துட்டேண்ணே" என்றாள். சில வாரம் கழித்து நிரந்தர பெர்மிட் வந்தது. சலவைப் பிரிவில் அன்று ஒரு விரிப்பும் நேராக மடிக்கப்படவில்லை. வழியனுப்பினால்தான் பெர்மிட் வரும் என்பது சந்தேகமில்லாமல் நிரூபணமாகிவிட்டதாகப் பாய்லர்காரர் அறிவித்தார். அவள் தன் பெட்டிகளையெல்லாம் கொண்டுவந்து ஓரமாக அடுக்கினாள். இனிமேல் யாருக்குப் பெர்மிட் முடிந்தாலும் இதிலிருந்தே ஒன்று எடுத்துக் கொடுக்கலாம். வீட்டுக்கு ஒரு மேசை வந்தது. நான்கு கால், அசையவே அசையாது. மகள் முதல் நாள் அதைப் பிடித்துத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

ஒரு காரியம் மட்டும் பாக்கி இருந்தது. நாத்தனாரிடம் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கணவர் பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் கொடுக்க, போனைப் போட்டாள். இத்தனை வருஷம் அறையைத் தினமும் திறந்து, பெருக்கி, காத்துக்கொண்டிருந்த மனுஷி. எப்படிச் சொல்வது?

"அண்ணி, நாங்க இங்கயே இருந்துடலாம்னு... நிரந்தரமா... மன்னிச்சுக்கோங்க அண்ணி. அந்த மாடி அறையை இனிமே நீங்க வாடகைக்கு விட்டுடுங்க."

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. அழுகிறார் போல என்று இவளுக்கும் கண் கலங்கியது.

"அது வந்தும்மா..." என்று இழுத்தார் நாத்தனார். "விட்டு ரொம்ப வருஷம் ஆச்சு. நீ போன மறு வருஷமே விட்டாச்சு. குடியிருக்கிறவங்க ரெண்டு பிள்ளையும் பெத்து, பெரியவன் சைக்கிள் ஓட்டுறான்."

"அப்ப... வாரா வாரம் எப்ப வர்றே, எப்ப வர்றேன்னு கேட்டீங்களே?"

"நீ வர மாட்டேன்னு எனக்குத் தெரியாதா? பிளேன் ஏறக் கிளம்பும்போது உன் முகத்தைப் பார்த்தேனே. நீ வர்றேன் வர்றேன்னு ஆசையா சொல்றப்போ, நான் எப்படிம்மா கேக்காம இருக்கிறது?"

கணவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரு கணம் நெஞ்சுக்குள் எதுவோ சட்டென்று காலியானது. அங்கே தனக்கு இடம் இல்லை, எத்தனையோ வருஷமாக இல்லை. அது வலித்தது, கொஞ்சம் நிஜமாகவே வலித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணி, அந்தத் தெருப் பக்கத்து ஜன்னல் சிக்கும். கொஞ்சம் மேல தூக்கித்தான் திறக்கணும். அவங்ககிட்ட சொல்லியிருக்கீங்களா?"

"அந்த ஜன்னலையே மாத்தியாச்சும்மா. இப்போ லேசா தொட்டாலே திறக்குது."

"நல்லது அண்ணி" என்றாள் அவள். "நல்லதுதான்."